ஐஸ் பிளாண்ட் மதிலிலிருந்து பார்த்த ஐந்து தோல்விகள்

முதல் நாலு ஆட்டத்தையும் எங்கள் கிளப் ஜெயித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆரம்பத்திலேயே தோற்றுத் தொலைத்திருந்தால் யாரும் ஆசை வளர்த்திருக்க மாட்டோம். நாலு வாரம் எங்களைத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வைத்துவிட்டு, ஐந்தாவது வாரத்திலிருந்து வரிசையாகத் தோற்கத் தொடங்கினார்கள்.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆறு கடலோடு சேருகிற இடத்தில் எங்கள் ஊர். ஆடி மழை ஓய்ந்ததும் சுற்றுவட்டாரத்து எட்டு கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக் நடத்தும். ஒவ்வொரு கிளப்பும் மற்ற ஏழோடும் இரண்டு தடவை மோத வேண்டும். எல்லா ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு மற்ற நாட்கள், எங்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃபில் இருக்கிறான். பந்து, வலை, ஜெர்ஸி எல்லாம் அவர்கள் அனுப்புவது. அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அவர்கள் ஓய்வாக உட்கார்ந்து கேட்பதற்காகவே பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் ஆட்டம் தொடங்கும்.

கேட்பதற்கு என்றுதான் சொன்னேன், பார்ப்பதற்கு இல்லை. மைதானத்தில் போனுக்கு டவர் கிடையாது. கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், மீனுக்கு ஐஸ் செய்கிற ஐஸ் பிளாண்ட் மதில் இருக்கிறது; அந்த மதில் மேல் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். வீடியோ திக்கித் திக்கி நின்றுவிடும். வாய்ஸ் மட்டும் போகும். அந்த வாய்ஸ் போடுகிற ஆள் நான். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று துண்டு துண்டாகப் பேசி கிளப்பின் போன் குரூப்பில் போட்டுக்கொண்டே இருப்பேன். தமாமிலும் தோகாவிலும் ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இந்த வசதி வருவதற்கு முன்பு கடிதத்தில் கோல் எழுதி அனுப்பியவன் நான்.

நான் கல்ஃபுக்குப் போனதில்லை. இரண்டு தடவை விசா மெடிக்கலில் நெஞ்சுப் படத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாம் அங்கே சம்பாதித்து வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். நான் மார்த்தாண்டத்தில் பை, குடைக் கடை வைத்து, பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நாலு காசு பார்த்து, மற்ற மாதங்களில் ஈ ஓட்டினேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அத்தனை பேருக்கும் நான் வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் கடை திறந்தேன் என்று சொன்னால் என் மனைவி கோபப்படுவாள். ஆனாலும் அது உண்மை.

எங்கள் கோல்கீப்பர் என் கூட்டுக்காரனின், அதாவது சின்ன வயதுச் சிநேகிதனின், மகன். கூட்டுக்காரன் தமாமில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரன். மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனவன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அங்கே வெயில் கொளுத்துகிற மாதங்களில்தான் அவனுக்கு லீவு. அவன் வருகிறபோது மைதானத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். லீக் தொடங்கும்போது அவன் திரும்பிப் போயிருப்பான். மகன் கோலில் நின்ற ஒரு ஆட்டத்தைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருடம் லீவு முடிந்து போகிறபோது என் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மகனுக்கு இருபத்திரண்டு முடிகிறது. லீக் நடுவில் நாகர்கோவிலில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். மாவட்டத்துக்கு ஆடி, அப்புறம் மாநிலத்துக்கு ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஊரிலேயே ஒரு வேலை கிடைக்க வழி உண்டு. இல்லையென்றால் அவனுடைய கம்பெனியிலேயே விசா இருக்கிறது.

"நான் படுகது போதும் மக்கா," என்றான். "அவன் நல்லா நிக்கான்னா அவன இங்கயே விட்டிருவேன். நல்லா நிக்கலன்னா கூட்டிட்டுப் போயிருவேன். நீ பாத்துச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். ஒரு சூட்கேஸ் எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பெரிய ஆள் மாதிரி நடந்துகொண்டேன்.

பிறகு லீக் தொடங்கியது. நாலு வெற்றி. நாலாவது வெற்றிக்கு கிளப் வாசலில் பிரியாணி போட்டார்கள். இந்த வருடம் கப் நமக்குத்தான் என்று நான் வாய்ஸில் சொன்னதை ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி, கடைசியில் அது என் மனைவியின் போனுக்கே வந்துவிட்டது.

ஐந்தாவது ஆட்டம், ஆற்றுக்கு அக்கரைக்காரர்களோடு. ஒன்றுக்கு பூஜ்யம். போகட்டும், ஒரு நாள் அப்படித்தான் என்றேன். ஆறாவது ஆட்டம் இரண்டுக்கு பூஜ்யம். ரெஃப்ரி சரியில்லை என்றேன். ஏழாவது ஆட்டம் கோட்டாற்றிலிருந்து வந்த பிள்ளைகளோடு. வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவர்களும் மூன்று கோல் போட்டார்கள்.

ஜெயிக்கிறபோது பொறுப்பாக இருந்த மனிதர்கள் தோற்கத் தொடங்கியதும் எப்படிக் கோமாளிகள் ஆனார்கள் என்று சொல்ல வேண்டும். கல்ஃப்காரர்கள் இடைவேளைக்கு யோசனை அனுப்ப ஆரம்பித்தார்கள். இடைவேளை பத்து நிமிடம். வந்து குவிகிற வாய்ஸோ பதினேழு நிமிடத்துக்கு இருக்கும். கோச் பாவம், ஜெர்ஸி அனுப்பியவர்களைப் பகைக்க முடியாது. பையன்களை மதிலடியில் உட்காரவைத்து என் போனிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார். ஒருவர் நாலு பேரைப் பின்னால் நிறுத்து என்பார். அடுத்தவர் எல்லாரும் முன்னால் போங்கலே என்பார். மூன்றாவது ஆள் பந்தைப் பற்றியே பேசாமல், போன வருடத்து மஞ்சள் ஜெர்ஸிதான் ராசி என்பார். பையன்கள் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் எழுந்து போய் அடுத்த பாதியில் கோல் வாங்குவார்கள்.

ஆமாம், எல்லாக் கோலும் இரண்டாம் பாதியில். மைதானம் எங்களுடையது என்பதால் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்குத்தான். மேற்கே ஆறு. இரண்டாம் பாதியில் சூரியன் ஆற்றுப் பக்கம் தாழ்ந்துவிடும். அந்த நேரத்தில் நாங்கள் மேற்குக் கோலைக் காத்தால், எதிரி கண்ணில் வெயில் அடிக்க ஓடி வர வேண்டும். தலைமுறை தலைமுறையாக எங்கள் கிளப் செய்கிற தந்திரம் இது. அதனால் முதல் பாதியில் எங்கள் கீப்பர் என் காலடியில், மதிலுக்கு முன்னால் நிற்பான். இரண்டாம் பாதியில் நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம்.

என் கண்ணிலும் அதே வெயில்தான் அடித்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நடப்பது எனக்குக் கறுப்புக் கறுப்பாக ஆள்கள் ஓடுவது போலத்தான் தெரியும். ஜனங்கள் போடுகிற சத்தத்தை வைத்து மீதியை நானே சேர்த்துக்கொள்வேன். இத்தனை வருடப் பழக்கம்.

ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது கோலுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டாற்றுக் கண்ணாடிக்காரன் கோல் போட்டுவிட்டான் என்கிற எரிச்சல். போனை வாயருகே வைத்து, "கோல்ல நிக்கது ஆளா, தெங்குக் குத்தியாலே? குத்தின்னாலும் பந்து தட்டித் திரும்புமே!" என்று எங்கள் கீப்பரை வெட்டிப்போட்ட தென்னங்கட்டை ஆக்கினேன்.

குரூப்பே சிரித்தது. சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. தோகாவிலிருந்து ஒருவன், இந்த வருடத்திலேயே நல்ல வாய்ஸ் இதுதான் என்று எழுதினான். மூன்று வாரமாகத் தோல்வியைச் சொல்லிச் சொல்லிக் கசந்துபோயிருந்த எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வாய்ஸை நானே நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

எட்டாவது ஆட்டத்துக்குப் போகும்போதே இரண்டு மூன்று வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கோலைவிட எதிரியின் கோலுக்குத்தான் அன்று அதிகம் காத்திருந்தேன். இரண்டு கோல் விழுந்தது. முதலாவதற்கு, "கையில வெளக்கெண்ண தேச்சிட்டு வந்திருக்கான் போல" என்றேன். இரண்டாவதற்கு, "கதவத் திறந்து வச்சிட்டு ஆளு வீட்டுக்குப் போயாச்சு" என்றேன். மறுபடியும் சிரிப்பு. கேப்டனை மட்டும் புகழ்ந்தேன். வலது பக்கத்துத் தடுப்பு ஆட்டக்காரன் அவன். ஆனாலும் எங்கள் கோலிலிருந்து எதிரி கோல் வரை ஓடுவான். மதில் பக்கம் வருகிறபோது வியர்வையோடு அவனைப் பக்கத்தில் பார்க்கலாம். ஓடுகான், ஓடுகான், இவன் ஒருத்தனாவது ஓடுகானே என்று ஒவ்வொரு வாய்ஸிலும் சொன்னேன்.

கூட்டுக்காரன் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எனக்குத் தனியாக வாய்ஸ் போடுவான். "எம்மவன் எப்படி நின்னான்?" என்று மட்டும் கேட்பான். எட்டாவது ஆட்டத்துக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. குரூப்பில் போய்ப் பார்த்தேன். என் விளக்கெண்ணெய்க்கு அவனும் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தான். அறையில் எட்டுப் பேர் சிரிக்கிறபோது அவன் வேறு என்ன செய்வான்? இது இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு, அவனே சிரிக்கிறான், பிறகு எனக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாவது ஆட்டமும் போயிற்று. அன்றே தோகாக்காரன் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தான். கீப்பரை மாற்றலாமா, வேண்டாமா? எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் ஆறடி உயரத்தில் ஒரு கீப்பர் இருக்கிறான், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிட்டால் வருவான். மாற்றலாம் என்று நான் ஓட்டுப் போட்டேன். எங்கள் குரூப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றலாம் என்பதற்குக் கீழே ஐம்பது அறுபது பேர் வரிசையாக இருந்தார்கள். கடையில் கஞ்சி குடித்துக்கொண்டே அதைப் பார்த்து வந்தவன், நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். கூட்டுக்காரனும் மாற்றலாம் என்று போட்டிருந்தான்.

அவன் மகனும் அந்த குரூப்பில் உண்டு.

மறுநாள் அவன் கிளவுஸைத் துவைத்துக் காயவைத்து கோச்சிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆள் மானஸ்தன், இரண்டு வாரத்தில் திரும்பி வருவான் என்று கோச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பத்தாவது ஆட்டத்தன்று காலையில் பெய்த மழையில் டவர் செத்துவிட்டது. மதிலில் ஏறிப் பார்த்தேன், ஒரு கோடும் இல்லை. வாய்ஸ் போட வழியில்லாத நான் அங்கே எதற்கு? முதல் பாதியில் பாறசாலைக்காரன் நன்றாகத்தான் நின்றான். இரண்டாம் பாதிக்கு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஜனங்களோடு ஜனங்களாக நடந்து ஆற்றோரம் போனேன். எங்கள் கோல் வலைக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் நின்றேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

நாலு கோல் விழுந்தது. நாலும் ஒரே மாதிரி. எங்கள் கேப்டன் பந்தோடு மதில் பக்கம் ஓடுவான். பந்தைப் பறிகொடுப்பான். பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றுவிடுவான், திரும்பி வர மாட்டான். அவன் விட்டுப்போன வலது பக்கம் பெரிய வாசல் மாதிரி திறந்து கிடக்கும். எதிரிகள் மூன்று பேர் அந்த வழியாக வருவார்கள். எங்கள் பக்கம் கீப்பர் ஒருத்தன். மூன்று பேருக்கு ஒருத்தன் என்ன செய்ய முடியும்? பாறசாலைக்காரன் ஆறடி உயரத்தையும் நீட்டி விழுந்து விழுந்து பார்த்தான். நாலாவது கோலுக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஈ சைடில் ஆரும் இல்லல்லோ சேட்டா" என்று மலையாளத்தில் சொல்லி, ஆளே இல்லாத அந்த வலது பக்கத்தைக் காட்டினான்.

முதல் பாதியில் என் காலடியில் நின்றபோது கூட்டுக்காரனின் மகன் இந்த வருடம் ஒரு கோல்கூட விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பது ஆட்டம், ஒன்பது முதல் பாதி. என் கண்ணால் நான் பார்த்த அவன் ஆட்டம் அவ்வளவும் நல்ல ஆட்டம். பார்க்காததைத்தான் நான் வாய்ஸில் போட்டேன்.

அன்றே இதைக் கூட்டுக்காரனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குரூப்பில் இரண்டு வரி எழுதினேன்: டவர் இல்லை, நாலுக்கு பூஜ்யம். தப்பு என்னுடையது என்று எழுத விரல் வரவில்லை. எழுதினால் அடுத்த வாரம் என் வாய்ஸை யார் நம்புவார்கள்? கடிதத்தில் கோல் எழுதிய காலம் முதல் சேர்த்துவைத்த மரியாதை அது. கூட்டுக்காரன் மகனின் வாழ்க்கையை ஒரு தட்டிலும் என் மரியாதையை மறு தட்டிலும் வைத்து, மரியாதையை எடுத்துக்கொண்டேன். இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு கிளப்பின் கடிதம் வேண்டும். ஓட்டுப் போட்டு நீக்கிய ஆளுக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தபோதே தேதி போய்விட்டது. அவனும் கேட்டு வரவில்லை. மழையில் இரண்டு வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லாமல் போனது. பாறசாலைக்காரன் வருவதை நிறுத்தினான். கோலில் யார் யாரோ நின்றார்கள்.

பதிமூன்றாவது ஆட்டம் முடிந்த வாரம் மார்த்தாண்டம் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்போர்ட் தெரிந்தது. பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.

"எங்க போற மக்கா?"

"மெடிக்கல் முடிஞ்சாச்சு மாமா. டிக்கெட்டு விசயமா போறேன். அடுத்த வியாழக்கிழம போணும்."

"நாகர்கோயிலுக்குப் போயிருக்கலாமேடே."

"போயி?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. "வாப்பா கண்ணுக்கே நான் ஒண்ணுக்கும் கொள்ளாதவன் ஆயிட்டேன். ஆளெடுக்க வாறவியளுக்கு நான் எப்படித் தெரிவேன்?"

உன் வாப்பா உன்னைப் பார்க்கவே இல்லையடா, நானும் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. குழித்துறையில் ஒரு கூட்டம் ஏறி எங்களை நெருக்கிக்கொண்டு நின்றது. அவன் எழுந்து ஒரு கைப்பிள்ளைக்காரிக்கு இடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டான்.

கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டே கூட்டுக்காரனைக் கூப்பிட்டேன். மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டு வேலை நடக்கிற நேரம், பின்னால் பாத்திரச் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். மதில், வெயில், கறுப்புக் கறுப்பாகத் தெரிந்த ஆள்கள், கேப்டன், திறந்து கிடந்த வலது பக்கம், ஒன்பது முதல் பாதி. உன் மகன் நன்றாகத்தான் நின்றான், இந்த மாவட்டத்திலேயே அவனைப் போல ஒருத்தன் இல்லை, விசாவை நிறுத்து, கமிட்டியிடம் நான் பேசுகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். வாய்ஸ் போடுகிறவனுக்கு இதையெல்லாம் நன்றாகவே சொல்ல வரும்.

அவன் கடைசி வரை கேட்டான். பாத்திரச் சத்தம் நின்றது. வெளியே வந்திருப்பான் போல.

"நான் ஒன்ன கொற சொல்லல மக்கா," என்றான். "ஒரு காரியம் மட்டும் சொல்லு. நீ இப்பச் சொல்லுகத நம்பணுமா, அப்பச் சொன்னத நம்பணுமா?"

நான் ஷட்டர் பூட்டில் சாவியைப் போட்டேன். அவன், அடுப்பில் குழம்பு இருக்கு என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

மகன் வியாழக்கிழமை காலையில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினான். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். கேப்டனுக்குக் கால் பிசகியிருந்ததால் அவன் இறங்கவில்லை. வலது பக்கத்தில் வேறொருத்தன் நகராமல் நின்றான். இரண்டுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தோம். ஒரு கோலும் வாங்கவில்லை. டவர் நன்றாக வேலை செய்தது. மதிலில் உட்கார்ந்து நான்தான் வாய்ஸ் போட்டேன். தமாமில் அந்த அறையில் வாப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.